தனி நாடு என்று அறிவித்துவிட்டால் போதுமா? அங்கீகாரமும் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 டிசம்பர் 26 அன்று இஸ்ரேல் சோமாலிலாந்தைத் தனி நாடாக அங்கீகரித்தது. ஐ.நா. உறுப்பு நாடு ஒன்று அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அதற்கு ஓராண்டு முன்பே அமெரிக்கக் காங்கிரசில் இதே பொருளில் ஒரு மசோதா வந்திருந்தது. காரைக்குடியில் நான் எடுக்கும் போட்டித் தேர்வு வகுப்பில் பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் போய்ச் சொல்ல, பெரியவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்கு வேண்டியது அரசமைப்புப் பிரிவு எண். பெரியவர்களுக்கு வேண்டியது பத்திரம், பணம், பாஸ்போர்ட். இரண்டையும் பிரிக்காமல், கேட்டவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

சோமாலிலாந்தும் சோமாலியாவும் ஒன்றுதானே சார்?

உலக வரைபடத்தில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் போட்டிருக்கும். வரலாறு வேறு. ஏடன் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் வடபகுதி பிரிட்டிஷ்காரர்களிடம் இருந்தது. மொகதிஷுவைத் தலைநகராகக் கொண்ட தென்பகுதி இத்தாலியர்களிடம் இருந்தது. வடக்கு 1960 ஜூன் 26இல் சுதந்திரம் பெற்று, ஐந்தே நாள் தனி நாடாக இருந்துவிட்டு, ஜூலை 1இல் தெற்கோடு சேர்ந்தது.

சேர்ந்த விதத்தில்தான் வக்கீல்களுக்கு வேலை. வடக்குச் சட்டமன்றம் ஒரு இணைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தெற்குச் சட்டமன்றம் வேறொரு வாசகத்தைக் கொள்கையளவில் மட்டும் ஏற்றது. இரு தரப்பும் ஒரே தாளில் கையெழுத்துப் போடவே இல்லை. பிறகு 1961 ஜனவரியில் ஒன்றுபட்ட நாடாளுமன்றம் புதிதாக ஒரு இணைப்புச் சட்டம் போட்டு, அது முந்தைய ஆண்டு ஜூலை 1 முதலே செல்லும் என்று முன்தேதி வைத்தது. முன்தேதி போட்ட பத்திரம் என்றால் நம் ஊரில் யாருக்கும் புருவம் உயரும். சோமாலிலாந்து வக்கீல்கள் இன்றுவரை அதைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

1988இல் சோமாலியாவின் சர்வாதிகாரி சியாத் பாரேயின் அரசு தன் சொந்த நகரமான, இன்று சோமாலிலாந்தின் தலைநகராக இருக்கும் ஹர்கெய்சாவின் மீதே விமானத்தில் குண்டு போட்டது. 1991இல் அந்த ஆட்சி விழுந்ததும், மே 18 அன்று புராவோ நகரில் கூடிய வடக்குத் தலைவர்கள் பழைய தனி நாட்டை மீட்டெடுத்ததாக அறிவித்தார்கள். அன்று முதல் தனிக் கொடி, தனிப் பணம், தனிப் படை, தேர்தல் எல்லாம் நடக்கின்றன.

இவ்வளவும் இருந்தும் முப்பது வருஷத்துக்கு மேல் யாரும் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?

ஆப்பிரிக்க நாடுகளுக்கு எல்லை என்றாலே பயம். காலனி ஆட்சி கிழித்த கோடுகளில் ஒன்றை அசைத்தால் எல்லாம் அசையும் என்று, சுதந்திரத்தின்போது இருந்த எல்லையை மதிப்பதாக 1964இல் கெய்ரோவில் தீர்மானம் போட்டார்கள். சோமாலியா அதைக் காட்டி, பிரிவினை கூடாது என்கிறது. சோமாலிலாந்தும் அதே தீர்மானத்தைத்தான் காட்டுகிறது: “எங்கள் சுதந்திர நாளில் எந்த எல்லை இருந்ததோ அதைத்தான் கேட்கிறோம்.” 2005இல் ஆப்பிரிக்க ஒன்றியம் அனுப்பிய ஆய்வுக் குழு, இது மற்றப் பிரிவினைகளைப் போன்றதல்ல, தனித்தன்மை கொண்டது என்று எழுதிக் கொடுத்தது. அறிக்கை அலமாரிக்குப் போயிற்று.

என் கணிப்பில், நீதி அநீதியைவிட அண்டை வீட்டுக் கணக்குதான் இதில் ஓடுகிறது. மொகதிஷுவைப் பகைத்துக்கொண்டு ஹர்கெய்சாவிடம் பெற என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு நாடும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

ஒரு நாட்டுக்கு இருக்கவேண்டிய தகுதிகள் எவை? தேர்வுக்கு வேண்டும்.

1933 டிசம்பர் 26இல் கையெழுத்தான மான்டெவிடியோ ஒப்பந்தம். நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் என்று நான்கு. இதை எல்லாரும் எழுதுவார்கள். அதே ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவையும் சேர்த்து எழுதுங்கள்: ஒரு நாட்டின் அரசியல் இருப்பு, மற்றவர்கள் அதை அங்கீகரிப்பதைப் பொறுத்தது அல்ல.

இதை மறுக்கும் கட்சியும் உண்டு. மற்ற நாடுகள் ஏற்றால்தான் நாடு என்பது அவர்கள் வாதம். வகுப்பில் நான் இதை நகரத்தார் வழக்கத்தை வைத்துச் சொல்வேன். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து கோயில் கணக்கில் ஒரு புள்ளி ஆகிறார்கள். கணக்கில் ஏறாவிட்டால் அவர்கள் குடும்பம் இல்லையா? குடும்பம்தான், அடுப்பு எரிகிறது, பிள்ளை பிறக்கிறது. ஆனால் கோயில் காரியத்தில் அவர்களுக்கு வரியும் இல்லை, உரிமையும் இல்லை. சோமாலிலாந்து அடுப்பு எரியும் வீடு; புள்ளி ஏறாத வீடு.

அமெரிக்க மசோதா நிறைவேறினால் அங்கீகாரம் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. பத்திரிகைகள் இதைத் தவறாகவே போடுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சோமாலிலாந்து குடியரசு சுதந்திரச் சட்டம் என்ற பெயரில் 2024 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஸ்காட் பெரி மசோதாவைக் கொண்டுவந்தார். அந்தக் காங்கிரசின் காலம் முடிந்ததால் அது செத்தது. 2025 ஜூனில் மறுபடி கொண்டுவந்தார். சில பக்கங்களே உள்ள மசோதா. அதன் உயிர்நாடி ஒரே வாக்கியம்: சோமாலிலாந்தைத் தனி நாடாக அங்கீகரிக்க அதிபருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது. அங்கீகரிக்க வேண்டும் என்று அது கட்டளை இடவில்லை. ஏற்கெனவே அதிபர் கையில் இருக்கும் அதிகாரத்தை மறுபடி அவரிடமே எடுத்து நீட்டுகிறது.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள்? 2002இல் காங்கிரஸ் ஒரு சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் செருகியது. ஜெருசலேமில் பிறந்த அமெரிக்கக் குழந்தையின் பெற்றோர் கேட்டால், பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் ‘இஸ்ரேல்’ என்று போட வேண்டும். அந்த நகரம் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பதில் அமெரிக்க அரசு அப்போது வாய் திறக்காமல் இருந்தது. அதிபர் புஷ் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பிரிவை மட்டும் கட்டளையாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதியும் வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஜெருசலேமில் ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோர் கேட்டார்கள், வெளியுறவுத் துறை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை இரண்டு முறை போனது. ஸிவோடோஃப்ஸ்கி எதிர் கெர்ரி என்ற அந்த வழக்கில் 2015 ஜூன் 8இல் தீர்ப்பு: வெளிநாட்டை அங்கீகரிக்கும் அதிகாரம் அதிபருக்கு மட்டுமே உரியது, காங்கிரஸ் அவர் வாயில் வேறு வார்த்தையைத் திணிக்க முடியாது, அந்தப் பிரிவு செல்லாது.

வெளிநாட்டுத் தூதர்களை வரவேற்பவர் அதிபர் என்று அமெரிக்க அரசமைப்பில் ஒரு வரி இருக்கிறது. பார்த்தால் சடங்கு மாதிரித் தெரியும். யாருடைய தூதரை வரவேற்கிறாரோ அவருடைய நாட்டை ஏற்கிறார் என்று அந்த வரியிலிருந்தே அதிகாரத்தை எடுத்தார்கள். அந்தக் குழந்தையின் பாஸ்போர்ட்டில் கடைசியில் ‘இஸ்ரேல்’ ஏறியது 2020 அக்டோபரில், அரசாங்கம் தன் கொள்கையை மாற்றிக்கொண்ட பிறகு. அப்போது பையனுக்கு 18 வயது.

அப்படியானால் நாடாளுமன்றம் போடும் சட்டத்துக்கு வேலையே இல்லையா?

நிறைய இருக்கிறது, வேறு இடத்தில். அங்கீகாரம் ஒரு நாளில் நடக்கும் அரசாங்க முடிவு. அதற்குப் பிறகோ, அது இல்லாமலோ, மனிதர்கள் தினமும் எப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்வது என்பதுதான் சட்டத்தின் பிரதேசம். இதில் எனக்குத் தெரிந்து மிகக் கெட்டிக்காரத்தனமான சட்டம் தைவான் உறவுச் சட்டம்.

1979 ஜனவரி 1 முதல் அமெரிக்கா பெய்ஜிங்கை அங்கீகரித்து, தைப்பேயோடு இருந்த தூதரக உறவை முறித்துக்கொண்டது. அதுவரை தைவானோடு போட்ட ஒப்பந்தங்கள், கொடுத்த கடன்கள், வாஷிங்டனில் தைவானுக்கு இருந்த சொத்து எல்லாம் அந்தரத்தில். காங்கிரஸ் சட்டம் போட்டது. ஏப்ரல் 10இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார். அமெரிக்கச் சட்டம் எதிலாவது வெளிநாடு, அரசு, தேசம் என்று வந்தால் அதில் தைவானும் அடங்கும் என்றது சட்டம். அங்கீகாரம் இல்லாததால் தைவானின் சொத்துரிமை எதுவும் போகாது. தூதரகத்துக்குப் பதிலாக ஒரு தனியார் நிறுவனம்; விசாவுக்கு அங்கேதான் வரிசை. தற்காப்புக்கு ஆயுதம் விற்கவும் வழி வைத்தார்கள். ‘நாடு’ என்று ஒரு இடத்திலும் சொல்லாமல், நாட்டுக்குக் கிடைப்பது அத்தனையும் கொடுத்துவிட்டார்கள்.

பிரிட்டனிலும் 1991இல் வெளிநாட்டு நிறுவனங்கள் சட்டம் என்று சின்னதாக ஒன்று உண்டு. அங்கீகாரம் இல்லாத நிலப்பகுதியின் சட்டப்படி பதிவான கம்பெனியையும், அங்கே நிலையான நீதிமன்றங்கள் இருந்தால், கம்பெனியாகவே நடத்தலாம். வியாபாரிகளுக்கு வேண்டியது இதுதான்.

நாடாளுமன்ற ஒப்புதல் அவசியமான நாடுகளும் உண்டு. 2024 ஜூன் 4இல் ஸ்லோவேனியா பாலஸ்தீனத்தை அங்கீகரித்தது நாடாளுமன்ற வாக்கெடுப்பில். அதற்குச் சில நாள் முன்பு டென்மார்க் நாடாளுமன்றம் அதே பொருளிலான மசோதாவைத் தோற்கடித்தது. பிரிட்டனில் மக்களவை 2014இலேயே 274க்கு 12 என்ற கணக்கில் பாலஸ்தீனத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. அரசாங்கம் அசையவில்லை. அங்கீகாரம் வந்தது 2025 செப்டம்பரில், சட்டம் எதுவும் இல்லாமல், பிரதமரின் அறிவிப்பாக.

இந்தியாவில் யார் முடிவு செய்வது? எந்தப் பிரிவு?

மத்திய அரசு, அதாவது அமைச்சரவை. ஏழாம் அட்டவணை, ஒன்றியப் பட்டியலில் 10ஆவது பதிவு வெளியுறவு. அந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கு நிர்வாக அதிகாரமும் ஒன்றியத்துக்கே என்பது 73ஆவது பிரிவு. அங்கீகாரத்துக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது.

ஆனால் அங்கீகாரத்தின் விளைவு சட்டத்தில் பதிந்திருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 87ஏ பிரிவைப் பாருங்கள். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டு அரசின் மீது வழக்குப் போட முடியாது என்று சொல்லும் பகுதியில் அது வருகிறது. அங்கே ‘வெளிநாட்டு அரசு’ என்றால் மத்திய அரசு அங்கீகரித்த அரசு என்று பொருள் வைத்திருக்கிறார்கள். அங்கீகாரம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றம் சாட்சி கேட்காமல் தானாகவே கவனத்தில் கொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 52ஆவது பிரிவிலும், இந்திய அரசு அங்கீகரித்த நாடுகளின் இருப்பு, பெயர், கொடி ஆகியவற்றுக்கு நிரூபணம் வேண்டாம் என்று இருக்கிறது. சிவகங்கை மாவட்ட நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் நீதிபதி, சோமாலிலாந்து நாடா இல்லையா என்று தானே ஆராய்ச்சி செய்ய முடியாது. டெல்லி என்ன சொல்கிறதோ அதுதான்.

நடைமுறை எப்படி என்று பார்க்க வங்கதேசத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1971 மார்ச் 26இல் சுதந்திர அறிவிப்பு. மார்ச் 31இல் இந்திராகாந்தி கொண்டுவந்த தீர்மானம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கிழக்கு வங்க மக்களுக்கு அனுதாபமும் ஆதரவும் உண்டு என்றது. அங்கீகாரம் என்ற சொல் அதில் இல்லை. உடனே அங்கீகரி என்று உறுப்பினர்கள் மாதக் கணக்கில் குரல் கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் அகதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். இந்திரா அசைந்து கொடுக்கவில்லை. டிசம்பர் 3இல் போர் மூண்டது. 6ஆம் தேதி நாடாளுமன்றத்தில் எழுந்து அங்கீகாரத்தை அறிவித்தார். அன்றே பூட்டானும் அங்கீகரித்தது. நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டே இருந்தது, தேதியைக் குறித்தது அரசாங்கம். பாகிஸ்தான் அங்கீகரிக்க 1974 பிப்ரவரி ஆயிற்று. சீனாவுக்கு 1975 ஆகஸ்ட்.

தமிழ்நாடு சட்டசபை ஈழத்துக்குத் தீர்மானம் போட்டதே, அதற்கு என்ன மதிப்பு?

2013 மார்ச் 27 தீர்மானத்தைச் சொல்கிறீர்கள். தனி ஈழம் குறித்து இலங்கைத் தமிழரிடமும் புலம்பெயர்ந்தோரிடமும் பொது வாக்கெடுப்பு நடத்த ஐ.நா. பாதுகாப்பு அவையில் இந்தியா முயல வேண்டும் என்று முதல்வர் ஜெயலலிதா கொண்டுவந்தார், நிறைவேறியது. சட்ட மதிப்பு இல்லை, வெளியுறவு மாநிலத்தின் கையில் இல்லை. அரசியல் மதிப்பு வேறு கதை. அதை எடை போட இந்தப் பக்கம் போதாது.

அதற்கு முன்பே, 1990 மார்ச் 1இல், இலங்கையின் வடக்கு கிழக்கு மாகாண சபையில் முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் தனி ஈழ அறிவிப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். இது பலருக்கு நினைவில் இல்லை. ஒரு நாடும் அங்கீகரிக்கவில்லை. கொழும்பு அந்தச் சபையையே கலைத்தது.

நேதாஜி அரசை எத்தனை நாடு ஏற்றது?

1943 அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் அறிவித்த ஆசாத் ஹிந்த் அரசை ஜப்பான், ஜெர்மனி உட்பட அச்சு நாடுகள் பக்கம் நின்ற ஒன்பது அரசுகள் அங்கீகரித்தன. அதில் ஜப்பான் சீனாவில் அமைத்த பொம்மை அரசான மஞ்சுகுவோ போன்றவற்றுக்கே உலகில் பெரும்பாலோர் அங்கீகாரம் தரவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால் நல்ல விடை.

அங்கீகாரமும் தூதரகமும் ஒன்றா?

இல்லை. இந்தியா இஸ்ரேலை அங்கீகரித்தது 1950 செப்டம்பர் 17. முழுத் தூதரக உறவு 1992 ஜனவரி 29. இடையில் நாற்பது வருஷத்துக்கு மேல். தைவான் இதற்கு நேர் எதிர்: அங்கீகாரம் இல்லை, ஆனால் தைப்பே பொருளாதாரப் பண்பாட்டு மையம் என்ற பெயரில் சென்னையில் 2012 முதல் அலுவலகம் இருக்கிறது. அதே மாதிரி நாட்டை ஏற்பது வேறு, ஆட்சியை ஏற்பது வேறு. ஆப்கானிஸ்தான் என்ற நாட்டைப் பற்றி எவருக்கும் சந்தேகம் இல்லை. 2021இல் திரும்ப வந்த தாலிபான் ஆட்சியை 2025 ஜூலையில் ரஷ்யா ஏற்கும்வரை ஒரு நாடும் முறையாக ஏற்கவில்லை.

கொடுத்த அங்கீகாரத்தைத் திரும்ப எடுக்கலாமா?

எடுக்கலாம், எடுத்திருக்கிறோம். மேற்கு சஹாராவின் சஹ்ராவி குடியரசை 1985இல் அங்கீகரித்த இந்தியா, 2000இல் விலக்கிக்கொண்டது. மேற்கு சஹாரா தன்னுடையது என்று சொல்லும் மொராக்கோவில் பாஸ்பேட் இருக்கிறது, நமக்கு உரம் வேண்டும். அது மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை.

அண்ணே, கைலாசா?

இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை. நித்யானந்தா தனி நாடு என்று அறிவித்த கைலாசாவுக்கு, மான்டெவிடியோவின் நான்கில் நிலப்பரப்பிலேயே கதை முடிகிறது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூவர்க் நகராட்சி ‘சகோதர நகரம்’ ஒப்பந்தம் போட்டு, விவரம் தெரிந்ததும் ரத்து செய்தது. அதே ஆண்டு பராகுவேயில் விவசாய அமைச்சக உயர் அதிகாரி ஒருவர் ஒரு ஆவணத்தில் கையெழுத்துப் போட்டுப் பதவியை இழந்தார். ஜெனீவாவில் ஐ.நா. குழுவின் பொதுக் கூட்டத்தில் கைலாசாக்காரர்கள் பேசினார்களே, அது யாரும் பதிவு செய்து பேசக்கூடிய கூட்டம். நகராட்சி கையெழுத்தோ, கூட்டத்தில் எடுத்த புகைப்படமோ அங்கீகாரம் ஆகாது.

என் மகனுக்கு பெர்பெரா துறைமுகத்தில் வேலை சொல்கிறார்கள். போகலாமா? (தேவகோட்டையிலிருந்து)

பெர்பெரா சோமாலிலாந்தின் துறைமுகம். துபாயின் டிபி வேர்ல்ட் 2016 ஒப்பந்தப்படி நடத்துகிறது. வேலை உண்மையாகவே இருக்கக்கூடிய இடம்தான். ஆனால் தம்பி மூன்று விஷயத்தைப் பார்க்க வேண்டும். இந்திய அரசின் கணக்கில் அவர் இருப்பது சோமாலியாவில். ஹர்கெய்சாவில் இந்தியத் தூதரகம் கிடையாது, பாஸ்போர்ட் தொலைந்தாலும் அடிபட்டாலும் நைரோபியிலிருந்துதான் பார்க்க வேண்டும். விசா ஹர்கெய்சா தருவது தனி, மொகதிஷு தருவது தனி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற ஊருக்குப் போக முடியும் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். மூன்றாவதுதான் முக்கியம்: வேலை ஒப்பந்தம் யாரோடு, தகராறு வந்தால் எந்த நீதிமன்றம் என்ற வரி. துபாய் நீதிமன்றம் என்று இருந்தால், அமீரக நீதிமன்றங்களின் தீர்ப்பை 2020 ஜனவரி முதல் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி இங்கே நேரடியாக நிறைவேற்றலாம். ஹர்கெய்சா நீதிமன்றத் தீர்ப்புக்கு அந்த வழி இல்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இந்த வரியைத் தேடுங்கள். அது இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன்.

அங்கீகாரம் இல்லாத நாட்டில் பிள்ளை பிறந்தால் பிறப்புச் சான்றிதழ் செல்லுமா? கல்யாணம்?

பொதுவாகச் செல்லும் என்றே சட்ட உலகம் சாய்ந்திருக்கிறது. நமீபியாவைத் தென்னாப்பிரிக்கா சட்டவிரோதமாக வைத்திருந்தபோது, 1971இல் சர்வதேச நீதிமன்றம் ஒரு கருத்துரை கொடுத்தது. அந்த ஆட்சியின் செயல்களை ஏற்கக்கூடாது. ஆனால் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு போன்றவற்றைச் செல்லாது என்று சொல்லி அங்குள்ள மக்களைத் தண்டிக்கவும் கூடாது. தூதரகத்துக்குப் போகும்போது இன்னும் இரண்டு காகிதம் கூடுதலாகக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

அங்கே நிலம் மலிவாகக் கிடைக்கிறதாமே, வாங்கிப் போடலாமா?

வேண்டாம். வடக்கு சைப்ரஸ் 1983இல் தன்னைத் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது, ஐ.நா. பாதுகாப்பு அவை அதே மாதம் அது செல்லாது என்றது. துருக்கி மட்டுமே அங்கீகரித்திருக்கிறது. அங்கே 2002இல் ஒரு ஆங்கிலத் தம்பதி கடலோரத்தில் நிலம் வாங்கி வீடு கட்டினார்கள். உள்ளூர்ப் பத்திரம் சுத்தமாக இருந்தது. 1974இல் அங்கிருந்து விரட்டப்பட்ட கிரேக்க சைப்ரஸ்காரர் ஒருவர், அது தன் குடும்பத்து நிலம் என்று தெற்கே உள்ள அங்கீகாரம் பெற்ற நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வீட்டை இடித்துவிட்டு நிலத்தைக் கொடு என்று தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் செல்லும் என்றது. 2010இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. வீடு இருந்த இடத்தில் யாரும் கை வைக்க முடியவில்லை. இங்கிலாந்தில் இருந்த அவர்களுடைய சொத்தின் மீது கை வைக்க வழி பிறந்தது.

எங்கள் ஐயா பர்மாவில் வாங்கிய வயலின் பத்திரம் பெட்டகத்தில் இருக்கிறது. ஜப்பான்காரன் நோட்டும் ஒரு கட்டு இருக்கிறது. இதெல்லாம் இனி எதற்காவது ஆகுமா? (கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்)

ஆச்சி, இரண்டும் இரண்டு கதை. முதலில் நோட்டு. நீங்கள் காட்டியதில் வாழைத் தாரும் தென்னையும் அச்சடித்த பத்து டாலர் நோட்டு இருந்தது. அது மலாயாவுக்கு அடித்தது, எம் என்ற எழுத்தில் தொடங்கும். பி என்று தொடங்கும் ரூபாய் நோட்டு பர்மாவுக்கு. சிலவற்றில் வரிசை எண்ணே இல்லை, எழுத்து மட்டும்தான். எவ்வளவு அடித்தார்கள் என்று அவர்களே எண்ணவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அது வெறும் காகிதம். இன்று பழைய பொருள் சேகரிப்பவர்கள் வாங்குவார்கள்.

அந்த நோட்டால்தான் நம் கிட்டங்கிகளில், அதாவது செட்டியார்கள் அங்கே நடத்திய வட்டிக்கடைகளில், பெரிய வழக்கு வந்தது. போருக்கு முன் நல்ல டாலரில் கடன் வாங்கியவர், ஜப்பான் ஆட்சியில் வாழைமர நோட்டைக் கட்டாகக் கொண்டுவந்து மேலாளிடம் கொடுத்துப் பேரேட்டில் கணக்கை நேர் செய்துகொண்டார். வாங்க மாட்டேன் என்று சொல்லும் தைரியம் அன்றைக்கு யாருக்கு? போர் முடிந்து பழைய ஆட்சி திரும்பியதும் கேள்வி எழுந்தது: உலகம் ஏற்காத ஆட்சியின் பணத்தில் அடைத்த கடன் அடைந்ததா, இல்லையா? மலாயாவில் 1948இல் ஆக்கிரமிப்புக் காலக் கடன்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். எல்லாம் செல்லாது என்றும் சொல்லவில்லை, எல்லாம் செல்லும் என்றும் சொல்லவில்லை. ஆக்கிரமிப்பின் பிற்பகுதியில் கட்டிய பெரிய தொகைகளுக்கு, நோட்டின் மதிப்பு மாதாமாதம் எவ்வளவு சரிந்தது என்று அட்டவணை வைத்து, அதன்படி கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். அங்கீகாரம் இல்லாத ஆட்சியின் கீழ் நடந்த வாழ்க்கையைச் சட்டம் எப்படிச் சமாளிக்கிறது என்பதற்கு, வெளிநாட்டுப் புத்தகங்களை விட்டுவிட்டு நான் முதலில் எடுத்துச் சொல்வது இதைத்தான்.

இனிப் பத்திரம். 1930களின் விலைச் சரிவில் கடன் திரும்பாமல் போக, அடமானத்துக்கு வந்த வயல்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் அவர்கள் பெயரில் இருந்தது. 1948 ஜனவரி 4இல் பர்மா சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது, 1953இல் இன்னொன்று. இந்தியா முறையாக அங்கீகரித்த, ஐ.நா. உறுப்பு நாடு போட்ட சட்டம் அது. அங்கீகரித்த நாடு தன் எல்லைக்குள் போடும் சட்டத்தை நம் நீதிமன்றம் கேள்வி கேட்காது. அந்த வயலை இந்தப் பத்திரத்தை வைத்து மீட்க வழி இல்லை ஆச்சி. சோமாலிலாந்து மாதிரி அங்கீகாரமற்ற இடத்தில்தான் சொத்துக்கு ஆபத்து என்று இல்லை. முழு அங்கீகாரம் உள்ள நாட்டிடம் இழந்ததுதான் செட்டிநாட்டுக்குப் பெரிது. பத்திரத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பூச்சி அரிக்காத உறையில் போட்டு வையுங்கள். பர்மிய எழுத்தும் முத்திரையும், ஓரத்தில் தமிழில் மேலாள் போட்ட கையெழுத்தும் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு வேண்டும்.

இப்போது அந்த அமெரிக்க மசோதா என்ன ஆகும்?

2025 ஜூனில் வந்த மசோதா வெளியுறவுக் குழுவுக்குப் போனது. குழு எடுத்தால்தான் சபைக்கு வரும், சபை நிறைவேற்றினால் செனட்டுக்குப் போகும், பிறகு அதிபர். இந்தக் காங்கிரசின் காலம் 2027 ஜனவரி 3இல் முடிகிறது. அதற்குள் நிறைவேறாவிட்டால் தானாகவே காலாவதி. வேண்டுமென்றால் புதிய எண்ணோடு முதலிலிருந்து தொடங்கலாம். அதிபர் நினைத்தால் மசோதாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.